கண்டவர் யார்? பாலைத்திணைப் பாடல்களில் உயிரினக் காட்சியும் கூற்றுநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க அகப்பாடல்களுள் பாலைத்திணைக்குரியன பலவும் கள்ளி, யா, ஓமை முதலிய மரங்களையும் யானை, செந்நாய், பருந்து, பல்லி முதலிய உயிரினங்களையும் காட்சிப்படுத்துகின்றன. இக்காட்சிகளை இதுவரையிலான ஆய்வுகள் பெரும்பாலும் கருப்பொருட் பட்டியலாகவோ உள்ளுறைக் குறியீடாகவோ அணுகியுள்ளன. பாடலுக்குள் அக்காட்சியை நேரிற் கண்டவர் யார், கேட்டறிந்தவர் யார், கருதிச் சொல்பவர் யார் என்ற வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. கலித்தொகை, குறுந்தொகை, ஐங்குறுநூறு ஆகியவற்றின் தேர்ந்த பாடல்களை இவ்வினாவின் வழி ஆராயும் இக்கட்டுரை, சொல்லப்பட்ட காட்சிக்கும் எதிர்ப்பட்ட காட்சிக்கும் இடையே உயிரின நடத்தையைச் சித்திரிக்கும் முறையில் வேறுபாடு உண்டு என்பதை நிறுவ முயல்கிறது. வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடிப் பகுதியின் வறள்நிலத்தைச் சான்றாகக் கொண்டு, பாலையை மணற்பாலைவனமாகக் கற்பிக்கும் போக்கு இவ்வேறுபாட்டை எவ்வாறு மறைக்கிறது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பாலைத்திணை, கூற்று, கருப்பொருள், கள்ளி, பல்லி, இடைச்சுரம், திட்டக்குடி, வெள்ளாறு.

1. முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வெள்ளாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் திட்டக்குடி. வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி உருவாகும் வெள்ளாறு, இப்பகுதியைக் கடந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெருகியோடும் இவ்வாறு, பங்குனி, சித்திரைத் திங்கள்களில் பெரிதும் மணற்பரப்பாகக் கிடக்கும். கீழ்ச்செருவாயிலுள்ள வெலிங்டன் நீர்த்தேக்கத்தின் பாசனம் எட்டாத மங்களூர், நல்லூர் ஒன்றியங்களின் மேட்டுநிலங்கள் மானாவாரியை நம்பியவை. கார்காலத்தில் பசுமை போர்த்த அதே நிலம் முதுவேனிலில் வெடித்துக் கிடப்பதை இங்கு வாழ்வோர் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

இத்தகைய நிலத்திலிருந்து வரும் மாணவர்களுக்கும் வகுப்பறையில் பாலைத்திணை பெரும்பாலும் அயல்நாட்டுக் காட்சியாகவே அறிமுகமாகிறது. பாலை என்றவுடன் மணற்குன்றும் ஒட்டகமும் முள்ளடர்ந்த அமெரிக்கக் கள்ளியும் மனத்தில் எழுகின்றன. சகாரா, அரேபியா, தார் ஆகியவற்றைக் குறிக்கப் பயன்படும் 'பாலைவனம்' என்ற சொல், திணைப்பெயரின் மீது தன் நிழலை விழச் செய்துவிட்டது. இதனால் விளையும் இழப்பு நிலவியல் சார்ந்தது மட்டுமன்று. பாலைப்பாடல் ஒன்றின் கூற்று, கேட்பவர் அந்நிலத்து மரத்தையும் விலங்கையும் அறிந்தவர் என்ற நம்பிக்கையின் மீது கட்டப்பட்டது. அவ்வறிவு நீங்கினால் தோழியின் ஆறுதலும் தலைவனின் தவிப்பும் பொதுவான உணர்ச்சிகளாகச் சுருங்கிவிடும்.

ஆகவே இக்கட்டுரை ஓர் எளிய வினாவை முன்வைக்கிறது: பாலைப்பாடலில் இடம்பெறும் உயிரினத்தைப் பாடலுக்குள் கண்டவர் யார்? புலவர் நேரிற் கண்டாரா என்பது இவ்வினாவின் பொருளன்று. சங்கப்பாடல் புலனெறி வழக்கின்பாற்பட்டது. புலவரின் தன்வரலாற்றை அதிலிருந்து பெறுதல் இயலாது. கூற்று நிகழ்த்தும் மாந்தருக்கும் அவர் பேசும் உயிரினத்துக்கும் இடையிலுள்ள தொலைவே இங்கு ஆய்வுக்குரியது.

2. பாலை என்னும் பருவம்

தொல்காப்பியம் நிலத்தைப் பகுக்கும்போது காடு, மலை, வயல், கடல் என நான்கையே கூறுகிறது. பாலையை நடுவுநிலைத் திணை எனச் சுட்டி, அதற்கு நண்பகலையும் வேனிலையும் உரிமையாக்குகிறது, பின்பனியையும் உடன்படுகிறது. அதாவது, பாலைக்குப் பொழுது உண்டு. தனக்கென நிலம் இல்லை. சிலப்பதிகாரக் காடுகாண் காதை இக்கருத்தை விளக்கமாக்குகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து, நல்லியல்பு இழந்து, துயர் உறுத்தும் வடிவம் கொள்ளும்போது அதுவே பாலை எனப்படும் என்பது இளங்கோவடிகளின் விளக்கம்.

உரையாசிரியர்கள் தரும் கருப்பொருட் பட்டியலும் இதையே உறுதி செய்கிறது. பாலைக்குரிய விலங்காக அவர்கள் யானையைச் சுட்டும்போது 'வலியழிந்த' என்ற அடையைச் சேர்க்கின்றனர். பாலைக்கென்று தனியே ஓர் யானையினம் இல்லை. குறிஞ்சி யானை வேனிலில் வலியிழக்கும்போது பாலைக்குரியதாகிறது. அடைமொழி இங்கு இனத்தைக் குறிக்கவில்லை, நிலையைக் குறிக்கிறது.

இந்நோக்கில் வெள்ளாற்றின் மணல் ஒரு சான்றாகிறது. ஐப்பசி வெள்ளத்தையும் சித்திரை மணலையும் ஒரே ஆற்றில் கண்டவருக்குத் திரிபு என்னும் கோட்பாட்டை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆண்டு முழுதும் ஒரே தன்மையுடைய மணற்பாலைவனத்தை எடுத்துக்காட்டினாலோ திரிபு என்ற கருத்தே விளங்காமற் போகும்.

3. பட்டியலும் குறியீடும்

சங்க இலக்கிய இயற்கை குறித்த ஆய்வு வளமான மரபுடையது. தனிநாயகம் அடிகளும் மு. வரதராசனும் இயற்கையைச் சங்கப்பாடலின் உயிர்நிலையாகக் கண்டு ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் உலகக் கவனத்தை ஈர்த்தன. பி.எல். சாமி செடிகொடிகளையும் விலங்குகளையும் பறவைகளையும் தனித்தனியே ஆராய்ந்து, பாடல்களில் வரும் பெயர்களை உயிரியல் இனங்களோடு பொருத்திக் காட்டினார். கு. சீநிவாசனின் தாவர ஆய்வும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இவர்களின் உழைப்பு இல்லையேல் பாலையின் பெயர்கள் பலவும் இன்று வெறும் சொற்களாகவே நின்றிருக்கும்.

எனினும் இனங்காணும் ஆய்வின் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் வளர்ந்த பட்டியல் முறை ஒரு குறையுடையது. 'பாலையில் இடம்பெறும் விலங்குகள்' என்ற தலைப்பின்கீழ் செந்நாயும் களிறும் பல்லியும் அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. ஒன்று தலைவன் நேரே கண்டது, மற்றொன்று தோழி கருதிச் சொன்னது, பிறிதொன்று தலைவி கேட்டதை நினைவுகூர்ந்தது என்ற வேறுபாடு பட்டியலில் மறைந்துவிடுகிறது.

மறுபுறம், 1967இல் வெளிவந்த ஏ.கே. ராமாநுசனின் குறுந்தொகை மொழிபெயர்ப்புத் தொகுதி, புறநிலக்காட்சி அகவுணர்வின் மொழியாக மாறும் விதத்தை உலகுக்கு உணர்த்தியது. அவ்வழி வந்த வாசிப்புகள் ஒவ்வோர் உயிரினத்தையும் தலைவன் தலைவியரின் மனநிலைக்கு உருவகமாகக் கொண்டன. களிறு தலைவன், பிடி தலைவி. இவ்வாசிப்பு தவறன்று, இறைச்சி, உள்ளுறை என்னும் தமிழ்க் கோட்பாடுகளே இதற்கு இடந்தருகின்றன. ஆனால் களிற்றைத் தலைவனாக மாற்றிய கணமே களிறு காட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. அதைக் கண்டவர் யார் என்ற வினாவும் அதனோடு நீங்குகிறது. பட்டியலில் உயிரினம் இருக்கிறது, காண்பவர் இல்லை; குறியீட்டு வாசிப்பில் காண்பவர் இருக்கிறார், உயிரினம் இல்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போதே எதிர்கொள்ளல் புலப்படும்.

4. முன்னறிவித்த காட்சி: கலித்தொகை 11

பாலைக்கலியின் பதினோராம் பாடல் தலைவி தோழியிடம் பேசுவதாக அமைந்தது. பொருள்வயிற் பிரிந்த தலைவன், புறப்படுமுன் தான் செல்லும் காட்டைப் பற்றிக் கூறியவற்றை அவள் நினைவுகூர்கிறாள். கால் வைக்க இயலாத வெம்மையுடையது காடு என்றான். அக்காட்டில் கன்று கலக்கிய சிறிதளவு நீரையும் பிடிக்கு ஊட்டியபின் தான் உண்ணும் களிறு உண்டு என்றும் கூறினான். இலை கருகிய மரங்களால் துன்புறுத்துவது காடு என்றான். அங்கே தளர்ந்த பெடையின் வருத்தத்தை மென்சிறகால் ஆற்றும் புறா உண்டு என்றும் கூறினான். மூங்கில் வாடக் கதிர் சுடுதலால் அணுகுதற்கரியது காடு என்றான். அங்கே நிழலின்றி வருந்திய பிணைமானுக்குத் தன் நிழலைக் கொடுக்கும் கலைமான் உண்டு என்றும் கூறினான்.

இப்பாடலின் அமைப்பே கூற்றுநிலையை வெளிப்படையாக்குகிறது. ஒவ்வொரு தாழிசையிலும் இரு செய்திகள், இரண்டும் 'அவர் சொன்னவை' என்ற குறிப்போடு வருகின்றன. அவற்றுள் வெம்மை பற்றிய செய்தி தலைவியை உடன்வராமல் தடுப்பதற்காகச் சொல்லப்பட்டது. உயிரினம் பற்றிய செய்தி வேறொரு பணியைச் செய்கிறது. தான் எதைக் கண்டு இவளை நினைப்பான் என்பதைத் தலைவன் அறிந்தோ அறியாமலோ முன்னதாகவே அவளிடம் ஒப்படைத்துவிட்டான். அவன் சொற்களையே பிணையாகப் பற்றிக்கொண்டு, இத்தகைய நலமுடைய காட்டின் வழிச் சென்றவர் தன் நலம் வாட விடார் என்று அவள் முடிவு செய்கிறாள்.

மூன்றாம் காட்சியைப் பாலையின் சிறுபொழுதோடு பொருத்திப் பார்க்கலாம். திட்டக்குடி ஏறத்தாழ 11.4 பாகை வட அகலாங்கில் உள்ளது. இவ்வகலாங்கில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், அதாவது சித்திரைத் தொடக்கத்தில், நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. அப்போது நிற்கும் விலங்கின் நிழல் அதன் உடலுக்குக் கீழேயே ஒடுங்கும். அருகில் நிற்கும் மற்றொரு விலங்குக்கு அது எட்டாது. நண்பகலே பாலைக்குரிய பொழுது என்ற இலக்கணத்தின்படி நோக்கினால், கலைமான் கொடுக்கும் நிழல் கொடுக்க இயலாத பொழுதில் கொடுக்கப்பட்ட நிழலாகிறது. கண்டவன் கூறும் நேர்ச்சான்றாக இதை ஏற்பது கடினம். பிரியப்போகும் ஒருவன் தன் துணைக்குக் கூறும் உறுதிமொழியாக ஏற்பதில் தடையில்லை. அவனும் கொடுக்க இயலாத ஒன்றையே கொடுக்க விழைகிறான்.

5. கருதிச் சொன்ன காட்சி: குறுந்தொகை 37, 16

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37ஆம் பாடல், பிரிவாற்றாத தலைவியைத் தோழி தேற்றுவது. தலைவன் பெருவிருப்புடையவன், அருள்செய்யவும் செய்வான் என்று தொடங்கும் தோழி, அவன் சென்ற வழியில் பிடியின் பசியைப் போக்க யா மரத்தின் பட்டையைக் களிறு உரிக்கும் என்கிறாள். அவ்வழியே அன்புடையது என முடிக்கிறாள். தோழி அவ்வழியிற் சென்றவள் அல்லள். தலைவன் இதைச் சொன்னதாகவும் அவள் கூறவில்லை. பொதுவழக்கில் அறிந்த ஒன்றை அவள் குறிப்பிட்ட வழியின் மீது ஏற்றிச் சொல்கிறாள்.

வறட்சிக் காலத்தில் யானைகள் மரப்பட்டையை உரித்து உண்பது கானுயிர் ஆய்வாளர் நன்கறிந்த நடத்தை. மேய்ச்சல் குறையும்போது பட்டையின் உட்பகுதியிலுள்ள ஈரமும் சத்தும் அவற்றுக்கு உதவுகின்றன. ஆயின் வளர்ந்த ஆண்யானை பெரும்பாலும் பெண்யானைகளின் மந்தையை விட்டு விலகியே வாழும். துணைக்கு உணவு தேடி ஊட்டுவது அதன் வழக்கமான நடத்தையாகக் கருதப்படுவதில்லை. பட்டை உரிப்பது இயற்கை. பிடிக்காக உரிக்கிறது என்பது தோழியின் சேர்க்கை. தேற்றும் பொறுப்பு அச்சேர்க்கையை வேண்டுகிறது. பாடலின் இறுதியில் அன்பு களிற்றுக்கும் அன்றி வழிக்கே உரியதாகக் கூறப்படுவது கருதத்தக்கது. அறியாத வழி ஒன்றைத் தலைவி அஞ்சாதிருக்க வேண்டுமாயின், அவ்வழி முழுவதும் அன்புடையதாக வேண்டும்.

அதே புலவரின் 16ஆம் பாடலில் தோழியின் ஆறுதல் இன்னும் சிக்கலானது. செந்நிறக் கால்களையுடைய பல்லி கள்ளிக்காட்டில் தன் துணையை அழைக்கிறது. ஆறலைகள்வர் தம் அம்பின் இரும்பு முனையைச் செப்பம் செய்ய நகத்தில் வைத்துப் புரட்டும்போது எழும் ஓசை போன்றது அவ்வழைப்பு. அக்காட்டைக் கடந்தவர் நம்மை நினையாரோ என்பது தோழியின் வினா.

பல்லியின் குரல் தொடர்ந்து எழும் சிறு சொடுக்கொலி. இரும்பு நகத்தில் உரசும் ஒலியோடு அதை ஒப்பிடுவதற்குக் கூர்ந்த செவி வேண்டும். ஆயினும் இவ்வுவமை தோழியின் நோக்கத்துக்கு ஊறு செய்கிறது. துணையை அழைக்கும் குரல் தலைவனுக்கு இவளை நினைவூட்டும் என்று தேற்ற வந்தவள், அதே குரலுக்கு உவமையாகக் கள்வரின் அம்பைக் கொணர்கிறாள். தலைவியின் செவியில் இரண்டும் ஒன்றாகவே விழும். அன்பின் ஒலியும் ஆபத்தின் ஒலியும் பிரித்தறிய இயலாதவை என்பதைத் தோழி மறைக்க விரும்பியும் உவமை வெளிப்படுத்திவிடுகிறது. காட்டுக்குச் செல்லாத இரு பெண்கள் காட்டைப் பற்றிப் பேசும்போது நம்பிக்கையும் அச்சமும் எவ்வாறு ஒரே படிமத்தைப் பங்கிடுகின்றன என்பதற்கு இப்பாடல் சிறந்த சான்று. பல்லியை நிமித்தமாக மட்டும் கொள்ளும் வாசிப்பில் இக்கூர்மை மழுங்குகிறது.

6. எதிர்ப்பட்ட காட்சி: ஐங்குறுநூற்றின் இடைச்சுரப் பத்து

ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலைப்பகுதியில் மூன்றாவதாக அமைந்தது இடைச்சுரப் பத்து (321–330). இங்குப் பேசுபவன் சுரத்தின் நடுவே நிற்கும் தலைவன். காட்சிக்கும் கூற்றுக்கும் இடையே தொலைவு இல்லை.

321ஆம் பாடலில் உலர்ந்த தலையையுடைய பருந்தின் பேடை, கிளைத்த ஓமை மரத்தின் கவட்டில் ஏறித் தனிமை தோன்றக் கூவுகிறது. மொழி வேறுபட்ட மலைகள் பலவற்றைக் கடந்தும் தலைவியின் குணம் தன்னை விட்டு நீங்கவில்லை என்கிறான் தலைவன். 323ஆம் பாடலில் கூரிய பற்களையுடைய செந்நாய், கருவுற்று வேட்கை கொண்ட பெட்டைக்காகக் கள்ளிக்காட்டில் பன்றியை எதிர்பார்த்து நிற்கிறது. அத்தகைய வெஞ்சுரத்துக் கிளைவழிகளைக் கடந்து, நெஞ்சு விரும்பியவளின் பண்பும் உடன் வந்துவிட்டது.

முன்னர்க் கண்ட பாடல்களோடு இவற்றை ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெளிகிறது. பருந்துப் பேடையின் அருகே அதைத் தேற்றும் சேவல் இல்லை. அது தனியே கூவுகிறது, அவ்வளவே. செந்நாய் இரையைப் பெற்றுத் தரவில்லை, எதிர்பார்த்து நிற்கிறது. செந்நாய்க் கூட்டத்தில் வேட்டைக்குச் சென்றவை ஈன்ற தாய்க்கும் குட்டிகளுக்கும் தாம் உண்ட இறைச்சியைக் கக்கிக் கொடுப்பது ஆய்வாளர் பதிவு செய்த நடத்தை. ஆகவே துணைக்காக வேட்டையை எதிர்நோக்கும் செந்நாய், பிடிக்கு ஊட்டும் களிற்றைக் காட்டிலும் இயற்கைக்கு அணுக்கமானது. பெட்டையின் வேட்கை என்பது தலைவனின் ஊகமே எனினும், அவ்வூகம் நடத்தையின் எல்லையை வெகுவாக மீறவில்லை.

சொல்லப்பட்ட காட்சியில் உயிரினம் அன்பை முழுமையாக நிறைவேற்றுகிறது: ஊட்டுகிறது, ஆற்றுகிறது, நிழல் தருகிறது. எதிர்ப்பட்ட காட்சியில் உயிரினம் நிறைவேறாத நிலையிலேயே நிற்கிறது: கூவுகிறது, காத்திருக்கிறது. ஆறுதல் கூறுவோருக்கு நிறைவு தேவை. சுரத்தில் நிற்பவனுக்கு அது வாய்ப்பதில்லை. வாய்த்ததாக அவன் பொய்யும் சொல்வதில்லை. அவனுக்குக் கிடைக்கும் ஒரே மாற்றம் அகத்தில் நிகழ்கிறது. 322ஆம் பாடலில் மூங்கில் உலரக் கல் பிளக்கக் காய்ந்த சுரத்து வழிகள் முன்பு வெய்யனவாக இருந்தன. அவளை நினைக்குந்தோறும் இப்போது தண்ணியவாயின என்கிறான். உயிரினம் ஒன்றும் இடம்பெறாத இப்பாடலில் நிழல் தருவது நினைவு.

இம்முடிபைப் பாலைப்பாடல் அனைத்துக்கும் விதியாகக் கூறுதல் பொருந்தாது. இடைச்சுரத்துத் தலைவன் இணைந்த விலங்குகளைக் கண்டு ஏங்கும் பாடல்களும், தோழி கொடிய காட்சிகளையே கூறிச் செலவழுங்குவிக்கும் பாடல்களும் தொகைநூல்களில் உள்ளன. கூற்றின் நோக்கம் மாறும்போது காட்சியின் தன்மையும் மாறுகிறது என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது. செலவழுங்குவிக்கும் தோழியின் காடும் தேற்றும் தோழியின் காடும் ஒரே காடாயினும் அவற்றில் வாழும் யானைகள் வேறு வேறாக நடந்துகொள்கின்றன.

7. தாயின் பார்வை: மணலும் வெறுமையும்

உடன்போக்கில் மகளைப் பிரிந்த தாயரின் கூற்றுகள் இவ்வினாவுக்கு மற்றொரு கோணத்தைத் தருகின்றன. கயமனார் பாடிய குறுந்தொகை 378இல் செவிலி, மகள் சென்ற சுரத்தில் ஞாயிறு காயாதிருக்க வேண்டும், மலையடியிலுள்ள சிறுவழியில் மரநிழல் பட வேண்டும், மணல் மிகுதியாகப் பரந்திருக்க வேண்டும், தண்மழை பெய்ய வேண்டும் என வேண்டுகிறாள். அவள் வேண்டுவனவற்றுள் மணலும் ஒன்று என்பது பாலையை மணற்பாலைவனமாகக் கற்பிப்போர் கருத வேண்டிய செய்தி. இப்பாடலின் சுரத்தில் மணல் துன்பமன்று. மெல்லடிக்கு இதமான பேறு. துன்பம் தருவது கல். இல்லாத மணலையே தாய் வேண்டுகிறாள். மணற்குன்றுகளின் படத்தைக் காட்டி இப்பாடலைக் கற்பித்தால் வேண்டுதல் தலைகீழாகிவிடும்.

வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 44இல் செவிலி மகளைத் தேடித் தானே சுரத்திற்குச் செல்கிறாள். நடந்து நடந்து கால்கள் ஓய்ந்தன. பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளியிழந்தன. இவ்வுலகில் பிறர் வானத்து மீன்களினும் பலர் என்கிறாள். இப்பாடல் பாலையே, பேசுபவள் பாலையிலேயே நிற்கிறாள். ஆயினும் ஒரு மரமோ விலங்கோ இதில் இல்லை. வீட்டிலிருந்து கருதும் தோழிக்குக் காடு களிறுகளால் நிறைந்திருக்க, காட்டிலேயே நடக்கும் தாய்க்கு அது வெறுமையாக இருக்கிறது. அவள் கண்கள் ஒருத்தியை மட்டுமே தேடுகின்றன. பிறிதொன்றும் அவற்றிற் படவில்லை. கருப்பொருட் பட்டியல் வகுப்போர் இப்பாடலைக் 'கருப்பொருள் அற்றது' எனக் குறித்து நகர்ந்துவிடுவர். காண்பவரைக் கணக்கிற்கொண்டால் அவ்வின்மையே இப்பாடலின் காட்சியாகும்.

8. கள்ளி எது?

மேற்கூறிய வாசிப்புகள் அனைத்தும் கேட்போர் உயிரினங்களை அறிவர் என்ற அடிப்படையில் நிற்பவை. அவ்வடிப்படை இன்று பல வகையில் அசைந்துள்ளது.

முதலாவது, கள்ளி. சங்கப்பாடல்களின் கள்ளி தமிழ்நிலத்துக்குரிய சதுரக்கள்ளி இனத்தைச் சார்ந்தது என்பது தாவர ஆய்வாளர் கருத்து. கோணமுடைய தண்டும் இணைமுட்களும் பாலும் கொண்ட இது யூபோர்பியா இனம். தட்டையான தண்டுடைய சப்பாத்திக்கள்ளியோ 'காக்டஸ்' குடும்பத்தைச் சார்ந்தது. ஒரே ஓர் இனம் நீங்கலாக அக்குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களையே தாயகமாகக் கொண்டது. கடல்வழி வாணிகத்துக்குப் பின் இங்கு வந்து பரவிய சப்பாத்திக்கள்ளியைக் கட்டுப்படுத்த 1920களில் இலங்கை வழியாக ஒருவகைச் செதிற்பூச்சி கொண்டுவரப்பட்டது. குறுந்தொகைப் பல்லி அழைத்த கள்ளியை விளக்க இச்செடியின் படத்தைக் காட்டுவது காலவழுவாகும். வேலியோரங்களில் எஞ்சிநிற்கும் சதுரக்கள்ளியைச் சுட்டுவதே முறையானது.

இரண்டாவது, முள்மரம். இன்று வறள்நிலம் என்றவுடன் கண்ணிற்படுவது சீமைக்கருவேலம். வேலிகாத்தான் என்றும் அழைக்கப்படும் இதுவும் அமெரிக்கத் தாயகமுடையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேனிலில் இலையுதிர்த்து நிற்கும் மரங்களே பாலைக்காட்சியின் அடிப்படை. கடுங்கோடையிலும் பசுமை மாறாத சீமைக்கருவேலம் அக்காட்சியையே மாற்றிவிட்டது. இலை கருகிய காடு எனக் கலித்தலைவன் கூறியதை இம்மரம் அடர்ந்த நிலத்தில் வளர்ந்த மாணவர் ஏட்டுச் செய்தியாக மட்டுமே பெறுகின்றனர்.

மூன்றாவது, பறவை. பாலைப்பாடல்களில் வழிச்செல்வோர் பிணத்தை நாடும் எருவை அச்சத்தின் அடையாளம். கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்ளோபினாக் மருந்தின் விளைவாக 1990கள் தொடங்கி இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் பேரழிவுக்குள்ளாயின. 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று அவை முதன்மையாக முதுமலை, மோயாறு பகுதியில் எஞ்சியுள்ளன. சமவெளி மாணவருக்கு எருவை இப்போது சொல் மட்டுமே. யானையும் செந்நாயும் மலைக்காடுகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

இந்நிலையில் ஆசிரியர் செய்யக்கூடுவது என்ன? உயிரினப் பெயர்களின் வட்டார வழக்குகளைத் திரட்டுதல் ஒரு வழி. கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி (2007), விருத்தாசலம், திட்டக்குடி உள்ளிட்ட நடுநாட்டுப் பேச்சுமொழியைப் பதிவு செய்துள்ளது. அதைப் போன்ற தொகுப்புகளையும் ஊர்ப் பெரியோரின் அறிவையும் சங்கத் தாவர ஆய்வுகளோடு ஒப்பிடும் களப்பணி, பட்டியலைக் காட்டிலும் பயனுடையதாகும். இளவேனிற் பத்தின் (341–350) தலைவி, காதலர் வாராமையையும் பருவம் வந்துவிட்டமையையும் மரங்களின் தளிரிலும் பூவிலும் குயிலின் குரலிலும் வீட்டருகிலேயே கண்டு கூறுகிறாள். புங்கும் வேம்பும் பூக்கும் ஊர்களில் அவ்வெதிர்கொள்ளல் இன்றும் இயல்வதே.

9. முடிவுரை

பாலைத்திணைப் பாடலில் உயிரினக் காட்சி யாருடைய கண்ணில், யாருடைய செவியில், யாருடைய நினைவில் நிகழ்கிறது என்பது அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. தலைவன் முன்னறிவித்ததும் தோழி கருதியதும் ஆகிய காட்சிகளில் உயிரினம் அன்பை நிறைவேற்றுகிறது; இடைச்சுரத்தில் எதிர்ப்படும்போது அது காத்திருக்கிறது. மகளைத் தேடும் தாய்க்கு அது புலப்படுவதே இல்லை. பட்டியலும் குறியீட்டு வாசிப்பும் தத்தம் அளவில் தேவையானவையே. எனினும் கூற்றுநிலையை விலக்கினால் இரண்டும் இவ்வேறுபாட்டை இழக்கின்றன.

கலித்தொகை 11ஆம் பாடலின் இறுதியில் தலைவி தன் நம்பிக்கைக்கு மேலும் இரு சான்றுகள் கூறுகிறாள். மனையில் பல்லி நல்ல பாங்கில் ஒலித்தது, இடக்கண் துடித்தது. களிறும் புறாவும் கலைமானும் அவன் சொல்லக் கேட்டவை. பல்லியின் குரலோ அவள் தன் செவியால் கேட்டது. குறுந்தொகை 16இல் கள்ளிக்காட்டில் துணையை அழைத்த பல்லியே இங்கு வீட்டுச் சுவரில் ஒலிக்கிறது. இவ்விரு பாடல்களையும் ஒருசேர நோக்கும்போது, சுரத்துக்கும் மனைக்கும் பொதுவாக நின்று, சென்றவனும் இருப்பவளும் தனித்தனியே நேரிற் கேட்கக்கூடிய உயிர் பல்லி ஒன்றே. பாடநூல்களின் கருப்பொருள் அட்டவணையில் அதற்குப் பொதுவாக இடமில்லை. யானையும் எருவையும் நீங்கிய வெள்ளாற்றங்கரை ஊர்களில், சங்கப்பாலையின் உயிர்களுள் மாணவர் இன்றிரவும் தம் வீட்டில் கேட்கக்கூடியது அதுவே. பாலையைக் கற்பிக்கும் வகுப்பு மணற்குன்றின் படத்தை விடுத்து அவ்வொலியிலிருந்து தொடங்கலாம்.